ரெண்டாம் நோட்டு

கோயம்பேட்டில் யாருக்கும் முழுப்பெயர் கிடையாது. தக்காளி மண்டியில் நிற்பவர் ‘தக்காளி பாய்’. கோணி தைப்பவர் ‘ஊசி’. சேனைக்கிழங்கு கடைக்காரர் ‘சேனை மாமா’. இருபது வருடமாகச் சேர்ந்து மூட்டை தூக்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவரின் அப்பா பெயர் தெரியாது. ஊர் தெரியும், ஊரில் எத்தனை காணி நிலம் என்று தெரியும், பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தார் என்பதும் தெரியும். 2020 ஏப்ரல் கடைசியில் எங்கள் கையில் இருந்த கொரோனா தொடர்பு விசாரணைப் படிவத்தில் முதல் கட்டம் பெயர், அடுத்தது தந்தை அல்லது கணவர் பெயர், அதற்கடுத்தது கைபேசி எண். காணி நிலத்துக்குக் கட்டம் இல்லை.

அப்போது நான் சென்னை மாநகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். குப்பை, கொசு, சாக்கடை, பிறப்பு இறப்புப் பதிவு, ஓட்டல் சோதனை, வாந்திபேதி வந்தால் குடிதண்ணீர்க் குழாயில் எங்கே கழிவுநீர் கலக்கிறது என்று மோந்து பார்ப்பது, இவ்வளவும் ஒரே ஆளின் வேலை. நோய் வந்தவரிடம் ‘யாரோடு பழகினீர்கள்’ என்று கேட்பது எங்களுக்குப் புதிதல்ல. காசநோய்க்குக் கேட்டிருக்கிறோம், தொண்டை அடைப்பான் வந்த குழந்தையின் வகுப்புத் தோழர்களைத் தேடிப் போயிருக்கிறோம். ஆனால் அதெல்லாம் மாதத்துக்கு ஒன்றிரண்டு. ஒரு சந்தை முழுவதையும் யாரும் எங்களிடம் கொடுத்ததில்லை.

கோயம்பேடு சந்தை 1996இல் திறந்தது. 295 ஏக்கர், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். நிலமும் நிர்வாகமும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் இயங்கும் அங்காடி நிர்வாகக் குழுவிடம். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது போலீஸ். காய்ச்சல் வந்தால் மட்டும் மாநகராட்சி. சந்தை இருப்பது கோடம்பாக்கம் மண்டலம். அதில் வேலை செய்கிறவர் படுத்துத் தூங்கும் நெற்குன்றம் அறை வளசரவாக்கம் மண்டலம். அவருடைய மச்சான் இருக்கும் அரும்பாக்கம் அண்ணா நகர் மண்டலம். வைரசுக்கு மூன்றும் பொடிநடை தூரம். எங்களுக்கோ மூன்று மண்டல அலுவலர், மூன்று வாட்ஸ்அப் குழு, மூன்று எக்செல் தாள். ஒருவரையே மூன்று மண்டலமும் தனித்தனியாகத் தேடியதும் உண்டு. ‘அது உங்க கேஸ்’ என்று மூன்று பேரும் விட்டுவிட்டதும் உண்டு.

ஏப்ரல் 24ஆம் தேதி, சென்னையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். 25ஆம் தேதி விடிவதற்குள் பாதி நகரம் கோயம்பேட்டுக்கு வந்துவிட்டது. நான்கு நாளைக்குக் காய் வாங்க வேண்டுமே. அன்று அங்கே நின்றவர்களுக்கு ஒரு மீட்டர் இடைவெளி என்பதெல்லாம் ரேடியோவில் கேட்கிற சமாச்சாரம். அடுத்த சில நாட்களில் பூக்கடைக்காரர், கொத்தமல்லி விற்றவர், லோடுமேன், முடிதிருத்துபவர் என்று ஒவ்வொருவராகப் பாசிட்டிவ் வர ஆரம்பித்தது. மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். காய்கறிக் கடைகள் திருமழிசைக்குப் போயின.

மூடுவதற்கு முன்பே ஆட்கள் கலைந்துவிட்டார்கள் என்பதுதான் எங்கள் சிக்கல். காய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிகளில் ஏறி விழுப்புரம், கடலூர், அரியலூர், பெரம்பலூர் என்று போய்ச் சேர்ந்திருந்தார்கள். மே 4ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. அதுவரை அங்கே எண்ணிக்கை குறைவாகத்தான் இருந்தது.

எங்களிடம் வந்த ஒரு லோடுமேனின் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கும். நெற்குன்றத்தில் ஒரு அறையில் எட்டுப் பேராகத் தங்கியவர். 108 வந்து ஏற்றிக்கொண்டு போவதற்கு முன் பேசக் கிடைத்த நேரம் மிகக் குறைவு.

“காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சுது?”

“முந்தாநேத்து சார்.”

“அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியிலிருந்து யார்யாரோட இருந்தீங்க?”

அவர் சிரித்தார். “எல்லாரோடயும்தான் சார்.”

அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நோய் பரவும் என்பதால் அந்தக் கேள்வி. ஒரு மீட்டருக்குள் நெருங்கி இருந்தவர், ஒரே தட்டில் சாப்பிட்டவர், ஒரே அறையில் படுத்தவர் எல்லாம் அதிக ஆபத்துள்ள தொடர்பு. அவர்களை ஐந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் தொற்று பிடிபடாமல் போகலாம், தாமதித்தால் அவர் இன்னும் நான்கு பேருக்குக் கொடுத்திருப்பார். ஆக, பெயர் கிடைத்தால் மட்டும் போதாது, சீக்கிரம் கிடைக்க வேண்டும். இவர் சொன்ன பெயர்களோ ‘செஞ்சி’, ‘நெட்டை’, ‘பண்ருட்டி அண்ணன்’, ‘அண்ணன் கூட வர்ற பையன்’. செல்போன் எண் கேட்டால், “அவனுங்ககிட்ட போன்லாம் பேசறதில்ல சார், ராத்திரி வந்தா பாத்துக்கப் போறோம்” என்றார். நியாயம்தான். தினமும் முகம் பார்ப்பவனுக்கு எதற்குப் போன்?

அவருடைய மண்டியின் கணக்குப்பிள்ளையைப் பிடித்தேன். வயதானவர். வளசரவாக்கத்தில் மகள் வீட்டு மாடியில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். எந்த ராத்திரி எந்த லாரியை எந்த செட்டு இறக்கியது என்று எழுதி வைத்திருப்பீர்களே, இறக்கு கூலி பிரித்துக் கொடுக்க வேண்டுமே என்று கேட்டேன். ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் லாரி எண், சரக்கு, எடை, மொத்தக் கூலி. ஆள் பெயர் இல்லை.

“இன்னொரு நோட்டு இருக்குமே ஐயா.”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

இருக்கும். எந்த மண்டியிலும் இருக்கும். லோடுமேன்களுக்கு முன்பணம் கொடுத்து, வட்டி பிடித்து, கூலியில் கழிக்கிற கணக்கு அதில் இருக்கும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. அந்த நோட்டு அரசாங்க ஆள் கண்ணில் படக் கூடாது. எனக்கு மாநகராட்சி வேறு, வருமான வரி வேறு, போலீஸ் வேறு. அவருக்கு எல்லாம் ஒரே காக்கிதான், சட்டை நிறம்தான் கொஞ்சம் மாறும். மாடிப்படியிலேயே உட்கார்ந்து கெஞ்சினேன். நோட்டு என் கைக்கு வர வேண்டாம், நீங்களே வைத்துக்கொண்டு படியுங்கள், தொகையைப் படிக்காதீர்கள், ஆளையும் ஊரையும் மட்டும் சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய், பூஜை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார்.

எப்பேர்ப்பட்ட ஆவணம் அது! கடன் கொடுத்தவனுக்குத் தெரியாத முகவரி உலகத்தில் உண்டா? முழுப்பெயர், அப்பா பெயர், கிராமம், தெரு, ஜாமீன் சொன்னவர் பெயர், ஊரில் இருக்கும் தம்பியின் செல் நம்பர், எல்லாம் இருந்தது. ‘நெட்டை’க்கு ஆதார் எண்கூட இருந்தது. அவர் படிக்கப் படிக்க நான் எழுதினேன். அன்று ராத்திரியே அந்தப் பட்டியல் மாவட்டங்களுக்குப் போனது. அங்கே கிராம சுகாதாரச் செவிலியரும் வி.ஏ.ஓ.வும் வீடு தேடிப் போய்ப் பாதிப்பேரைப் பிடித்துவிட்டார்கள். ஒருவர் ஏற்கெனவே ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நோய்த்தொடர்பைத் தேடுவது என்றால் என்ன என்று அந்த மாடிப்படியில்தான் எனக்கு விளங்கியது. நமக்குத் தேவைப்படும் உண்மை, ஜனங்கள் வேறு யாரிடமிருந்தோ மறைத்து வைத்திருக்கும் உண்மை. வைரஸுக்காக யாரும் பொய் சொல்வதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது, முதலாளிக்குத் தெரியக் கூடாது, பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது. சென்னைக்குள் டாஸ்மாக் ஆகஸ்ட் வரை திறக்கவில்லை. மே மாதமே வெளி மாவட்டங்களில் திறந்துவிட்டார்கள். எல்லை தாண்டிப் போய் பாட்டில் வாங்கி வந்து நான்கு பேராக மொட்டை மாடியில் குடித்தவர், அந்த நான்கு பேரையும் எங்களிடம் எப்படிச் சொல்வார்? ஊரடங்கை மீறினால் வழக்கு, வண்டி பறிமுதல். சலூன் திறக்கத் தடை. ஆனால் முடி வளராமலா இருக்கும்? கொல்லைப்புறமாக வந்து வெட்டிவிட்டுப் போனவரின் பெயரைச் சொன்னால் அவர் பிழைப்பு போய்விடும். அதனால் வாடிக்கையாளர்கள் தலையைத் தடவிக்கொண்டே ‘நானே வெட்டிக்கிட்டேன் சார்’ என்றார்கள். பின்கழுத்தில் அவ்வளவு சீராகத் தானே வெட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கேட்கவில்லை.

இதே பாடம் அதற்கு ஒரு மாதம் முன்பும் கண்ணெதிரே நடந்தது. மார்ச் கடைசியில், டெல்லியில் நடந்த இஸ்லாமிய மாநாட்டிலிருந்து திரும்பியவர்களிடம் தொற்று தெரிந்தபோது, தாமாக முன்வரும்படி சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது. ஆயிரம் பேருக்கு மேல் தாங்களாகவே வந்தார்கள் என்று அரசே அறிவித்தது. அதற்குள் தொலைக்காட்சிகள் ஒரு சமுதாயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாயிற்று. அதன் பிறகு அந்தத் தெருக்களில் கணக்கெடுக்கப் போன எங்கள் பெண்களிடம், ‘என்.ஆர்.சி.க்கா கேக்கறீங்க?’ என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். கேட்டவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வருடம் பிப்ரவரி, மார்ச்சில் வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து என்ன போராட்டம் நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளிவாசலின் செயலாளர் எங்களோடு கூடவே நடந்து, ஒவ்வொரு வாசலிலும் முதலில் தான் பேசிவிட்டுப் பிறகு எங்களைப் பேசவிட்டார். அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால் எங்கள் படிவம் வெறும் தாள்தான்.

எங்கள் டிவிஷனில் பத்து வருடத்துக்கு மேலாகக் கொசுப்புழு பார்க்கும் பெண் ஒருவர் இருந்தார். ஒப்பந்தத் தொழிலாளி. சம்ப், மொட்டை மாடித் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வரை எட்டிப் பார்ப்பது அவர் தினசரி வேலை. ஜனங்களுக்கு அவர் ‘கொசு அக்கா’. 2020 ஏப்ரலில் நகரம் முழுக்க வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்க 10,000க்கும் மேற்பட்டோரை மாநகராட்சி இறக்கியது. பெரும்பாலும் புதியவர்கள். கையில் தெர்மாமீட்டர், தொப்பி, ஒரு அட்டை. ‘காய்ச்சல், சளி, இருமல் இருக்கா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். கொசு அக்கா அப்படிக் கேட்க மாட்டார்.

“சாப்பாடு எறங்குதா?” என்பார். “ரசம் வெச்சியா இன்னிக்கு? யாருக்கு?” என்பார். தொடர்பு கேட்கும்போதும் ‘யாரைப் பார்த்தீங்க’ என்று ஆரம்பிக்க மாட்டார். யார் வீட்டில் டிவி பார்த்தீர்கள், குழம்பு யாருக்குக் கொடுத்தனுப்பினீர்கள், சீட்டுப் பணம் வாங்க யார் வந்தது, தண்ணி லாரிக்கு யார் பக்கத்தில் நின்றீர்கள் என்று போகும் அவர் விசாரணை. படிவத்தின் கேள்விக்கு இரண்டு பெயர் சொன்னவர்கள் அவரிடம் பத்துப் பதினைந்து பெயர் சொன்னார்கள். அவற்றில் பாதி, பார்த்ததாகவே அவர்கள் நினைக்காத ஆட்கள்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வங்கி அதிகாரி ஒருவருக்குத் தொற்று. மனைவிக்கும் காய்ச்சல். வெளியாள் ஒருத்தரும் உள்ளே வரவில்லை, நாங்கள் அவ்வளவு கவனமாக இருந்தோம் என்று அடித்துச் சொன்னார். நான் எழுதிக்கொண்டு திரும்பினேன். கொசு அக்கா வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா படுத்துக் கிடக்காங்க. கோலம் யார் சார் போட்டது?”

பார்த்தேன். புள்ளி வைத்த கோலம். “அவங்களே போட்டிருக்கலாமே?”

“அவங்க ஸ்டிக்கர் ஒட்டறவங்க சார். ஸ்டிக்கரை மறைச்சுப் போட்டிருக்கு பாருங்க. இது வேலை செய்ற பொண்ணு கை.”

சங்கத்தின் கேட்டில் வேலைக்காரர்களுக்கு அனுமதி இல்லை என்று பெரிதாகப் பலகை தொங்கியது. இவர்கள் பின் கேட் வழியாக விடியற்காலையில் அந்தப் பெண்ணை வரவழைத்திருக்கிறார்கள். சங்கத்துக்குத் தெரிந்தால் அபராதம், அதைவிட மானம். சொன்னால் அந்தப் பெண்ணை பதினான்கு நாள் வீட்டில் உட்கார வைப்போம், சம்பளம் போகும் என்று அவளுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் வாய் திறக்காது. கொசு அக்கா அந்த அம்மாளிடம் போனில் பேசினார். அவர் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “நான் பேரே கேக்கலம்மா. இந்த மாசச் சம்பளத்தைப் புடிக்க மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன். சங்கத்துக்கும் சொல்ல மாட்டேன்.” அந்த அம்மாள் சரி என்றார். அதன் பிறகுதான் பெயர் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு தும்மல்கூட இல்லை, ஆனால் பாசிட்டிவ். அவள் மாமியார் கீரை விற்பவர். கீரை எங்கிருந்து வாங்கினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தனியார் அலுவலகத்தில் இதற்குப் பெயர் பேச்சுவார்த்தை. எங்கள் மாதாந்திர அறிக்கையில் இதற்குக் கட்டமே கிடையாது. ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சேது செயலியை எல்லோரும் இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் டிவிஷனில் பாதிப்பேர் பொத்தான் போன். மீதிப்பேரின் போனை மகன் ஆன்லைன் வகுப்புக்கு எடுத்துப் போயிருப்பான். அந்தச் செயலி எங்களுக்கு ஒரு ஆளைக்கூடக் காட்டிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது தகரத்துக்கு வருகிறேன்.

தொற்று வந்த வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டுவது முதலிலிருந்தே இருந்தது. பிறகு தெருவை அடைக்க ஆரம்பித்தார்கள். சவுக்குக் கட்டை நட்டு, தகரம் அடித்து, ஒரு ஆள் நுழையும் சந்துகூட விடாமல் அடைப்பு. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வருவார்கள், சுத்தியல் சத்தம் நான்கு தெருவுக்குக் கேட்கும். காலையில் நான் உட்கார்ந்து, ‘ஒண்ணும் ஆகாதும்மா, பேரைச் சொல்லுங்க, டெஸ்ட் மட்டும்தான்’ என்று கேட்டு எழுதுவேன். மாலையில் நான் எழுதிய பெயரின் வாசலில் தகரம். பால் பாக்கெட்டைத் தகரத்துக்கு மேலே தூக்கிப் போட்டார்கள். டயாலிசிஸ் போக வேண்டிய முதியவர் ஒருவருக்காக ஒரு தகரத்தை நாங்களே ஆணி பிடுங்கித் திறந்துவிட்டோம்.

தனிமைப்படுத்துவது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தொற்று உள்ளவர் வெளியே திரிந்தால் இத்தனை விசாரணைக்கும் அர்த்தமில்லை. ஆனால் கேட்கிற கையும் அடைக்கிற கையும் ஒன்றாக இருந்தால் யார் வாய் திறப்பார்கள்? தகரம் வந்த சில நாட்களில் எங்கள் பட்டியல்கள் சுருங்கின. நோயாளி சொன்ன தொடர்புகளும் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்களும் ஒன்றாக இருந்தன. ஒரு ஆள் பத்து நாளாகக் கார்டில் உள்ளவர்களைத் தவிர ஒருவரையும் பார்க்கவில்லையாம். சிலர் பரிசோதனைக் கூடத்தில் வேறு முகவரி கொடுத்தார்கள். அப்படி ஒரு முகவரியைத் தேடிப் போனால் அது காலி மனை. எருமை கட்டியிருந்தார்கள்.

பெரியம்மை ஒழிப்பில் தடுப்பூசி போட்ட ஒரு மூத்த மேற்பார்வையாளரிடம்தான் நான் தொழில் கற்றேன். அம்மை போட்ட குழந்தையின் படம் அச்சடித்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இப்படி யாரையாவது பாத்தியா?’ என்று சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டுக்கொண்டே போவார்களாம். தகவல் சொன்னால் ரொக்கப் பரிசு. நோய் அருகிப்போகப் போகப் பரிசும் ஏறியது. 1975இல் நாட்டில் கடைசி நோயாளியும் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அது ஆயிரம் ரூபாய்க்கு வந்தது. அந்தக் காலத்து ஆயிரம். சொன்னவனுக்குப் பணம் கொடுத்து ஒரு நோயைத் தேடித் தீர்த்த நாடு, 45 வருடம் கழித்துச் சொன்னவன் வாசலில் தகரம் அடித்தது.

அறிவிப்பு ஒட்டும் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 டிசம்பர் 9ஆம் தேதி, பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தகுதியான அதிகாரியின் உத்தரவு இல்லாமல் நோயாளி வீட்டில் அப்படி எதையும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அப்படி ஒட்டச் சொல்லித் தங்கள் வழிகாட்டுதலில் எங்கும் இல்லை என்று மத்திய அரசே நீதிமன்றத்தில் சொன்னது. யாரும் சொல்லாததை நாடு முழுக்கச் செய்திருக்கிறார்கள். உள்ளாட்சியில் வேலை செய்த எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்குத் தகரம் தெரியும், படம் எடுத்து அனுப்பலாம். கொசு அக்கா போனில் பேசியதைப் படம் எடுக்க முடியாது.

இன்னொன்று. அந்த நாட்களில் சென்னையில் கவுன்சிலரே கிடையாது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை, ஆணையரே தனி அலுவலர். 200 வார்டு, ஒரு கவுன்சிலரும் இல்லை. பழைய கவுன்சிலர்கள் சிலர் தாமாக வந்து அரிசி கொடுத்தார்கள். மற்றபடி, தகரம் அடித்த தெருக்காரர் போய்ச் சண்டை போட ஒரு வாசல் இல்லை. கவுன்சிலர் இருந்தால் தொல்லை என்று எங்கள் அலுவலகத்தில் பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் ஜனங்கள் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் கத்த மாட்டார்கள், மறைப்பார்கள்.

ஜூனில் கொஞ்சம் மாறியது. தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு மளிகை, மருந்து வாங்கிக் கொடுக்க ‘ஃபோகஸ்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்து தன்னார்வலர்களை ஆயிரக்கணக்கில் நியமித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், வேலை போன இளைஞர்கள். காய்ச்சல் முகாம்கள் தெருவுக்கே வந்தன. பெயர் சொன்னால் தகரம் மட்டுமல்ல, தக்காளியும் வரும் என்று தெரிந்ததும் பேச்சு கொஞ்சம் திறந்தது. சர்க்கரை மாத்திரை வாங்கிக் கொடுத்த பையனிடம் ஒரு பாட்டி, தன் வீட்டில் எத்தனை பேர் நிஜமாகவே தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். எங்களிடம் சொன்ன கணக்கைவிட மூன்று பேர் அதிகம். அந்த மாதக் கடைசியில் நகரத்தில் ஒரு நாள் தொற்று இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு மெதுவாக இறங்கியது. எதனால் இறங்கியது என்று உரிமை கொண்டாட எல்லோரும் இருந்தார்கள்.

செப்டம்பர் 30ஆம் தேதி ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ரமணன் லக்ஷ்மிநாராயண் குழுவினர் எழுதியது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் எங்களைப் போன்றவர்கள் எழுதிய தொடர்புப் பட்டியல்கள்தான் அதற்கு ஆதாரம். 84,965 நோயாளிகள், அவர்களின் தொடர்பில் இருந்து பரிசோதிக்கப்பட்ட 5,75,071 பேர். அவ்வளவு பெரிய பட்டியலை அதுவரை யாரும் ஆராய்ந்ததில்லை. நோயாளிகளில் 71 சதவீதத்தினரின் தொடர்புகளில் ஒருவருக்கும் தொற்று காணப்படவில்லை. வெறும் 8 சதவீதம் பேரிடமிருந்து 60 சதவீதப் புதிய தொற்றுகள். என் மகள்தான் போனில் காட்டினாள். மழையில் நனைந்த தாள்களில் எழுதியது உலகம் படிக்கிற இடத்துக்குப் போயிருக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த 8 சதவீதம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. சந்தையில் பார்த்ததுதான். ஆனால் 71ஐப் பார்த்ததும் மனம் அப்படியே ஏற்கவில்லை. நிறையப் பேர் யாருக்கும் பரப்பவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். இந்த நோயின் சுபாவம் அப்படி என்று மற்ற நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் அந்த 71இல் ஒரு பகுதி, ரேஷன் கார்டு பட்டியல்கள். மொட்டை மாடி நண்பர்கள் அந்தக் கணக்கில் இல்லை. பின் கேட் வழியாக வந்தவர்களும், கொல்லைப்புறம் முடிவெட்டியவரும் இல்லை. யாருக்கும் கொடுக்கவில்லை என்பதையும் யாரையும் சொல்லவில்லை என்பதையும் தாளில் ஒரே சைபராகத்தான் எழுத முடியும். ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. சைபர் எழுதியவர்கள் நாங்கள்தான், அந்தச் சைபர் எப்படி வந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

2021 மே மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் மட்டும் ஒரு நாளைக்கு ஏழாயிரத்துக்கு மேல். முடிவு வருவதற்குள் ஆள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். யாரோடு பழகினீர்கள் என்று கேட்டால், ‘மொதல்ல ஆக்சிஜன் பெட் இருக்கா சொல்லு’ என்றார்கள். பட்டியல் எழுதுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது.

2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து கவுன்சிலர்கள் வந்தார்கள். அந்த வருடமே எங்கள் பகுதியில் ஒப்பந்தம் கைமாறியது. புதிதாக எடுத்தவர்கள் கொசு அக்காவை வேறு மண்டலத்துக்கு மாற்றினார்கள். தெருப் பெண்கள் கவுன்சிலரிடம் போய்ச் சண்டை போட்டார்கள், பலிக்கவில்லை. அவருக்குப் பதில் ஒரு இளம்பெண் வந்தாள். பட்டதாரி, கையில் டேப்லெட், சுறுசுறுப்பானவள். போவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் இந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், எந்த வீட்டில் யார், எந்த அறையில் எத்தனை பேர் என்று கொசு அக்காவிடம் கேட்டேன்.

“தொட்டி எங்கெங்க இருக்குன்னு எழுதித் தரேன் சார்.”

“அது மட்டும் போதுமாம்மா?”

“மத்தது என்கிட்ட சொன்னது சார். எழுதறதுக்குச் சொன்னதில்ல.”

தொட்டிகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார். மூன்று பக்கம். பிறகு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போனார். நானும் கொஞ்ச தூரம் பின்னால் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, “நம்ம பொண்ணு, இனிமே இதுதான் வரும். காபி கீபி குடுங்க” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நாலாவது வீட்டில் காபி கொடுத்தார்கள். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கொசு அக்கா அவள் முழங்கையை இடித்து, “குடி” என்றார்.